பிரம்மதேசத்துக்கு நடந்தே போங்கள்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம், எண்ணாயிரம், எசாலம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அங்குள்ள சோழர் கோயில்களைக் காரில் அரை நாளில் பார்த்துவிடலாம். ஆனாலும் நடப்பதே லாபம். ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்துக் கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் நெல் அளந்த நிலம் எப்படிப்பட்டது என்பது வரப்போரம் நடந்தால்தான் பிடிபடும். எண்ணாயிரத்துக் குன்றிலுள்ள சமணர் படுக்கைகளுக்கும் கால்தான் வண்டி.

வெயில் கொளுத்துமே என்றால், தை மாசியில் விடிந்ததும் கிளம்புங்கள். காலைச் சாய்வெயிலில்தான் கல்வெட்டு எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெரியும். உச்சிவேளையில் சுவர் மொழுக்கென்று இருக்கும். கருவறை பூட்டியிருந்தாலும் பாதகமில்லை, கல்வெட்டுகள் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான். எழுத்து மங்கலா? மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள், கல் கெடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.