ஒரே பிடித்தம், ஒரே நியாயமா?

நம்பிக்கை: எல்லாரிடமும் ஒரே தொகையைப் பிடிப்பதே சமநீதி.

புதுக்கோட்டைக் கருவூலத்தில் நேர்காணலுக்குக் காத்திருக்கும் ஓய்வூதியர்கள் பலரும் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட அபிப்பிராயம் இது. தமிழ்நாடு அரசு 2022 ஜூலை முதல் நான்காண்டுக் காலத்துக்கென வகுத்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், கலெக்டர் அலுவலகத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவரானாலும், அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளியொன்றில் காவலாளியாக இருந்து மறைந்தவரின் மனைவியானாலும், மாதந்தோறும் பிடிக்கப்படுவது 497 ரூபாய்தான். நான்காண்டுக்கு 5 லட்சம் என்னும் பொது வரம்பும் இருவர்க்கும் ஒன்றே. ஆயினும் குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியமாகிய 7,850 ரூபாயில் இத்தொகை நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல்; 60,000 ரூபாய் வாங்குபவருக்கோ நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அகவிலைப்படி சேர்ந்தால் பாரம் குறையுமே என்பார் உளர்; அது இருவருக்கும் ஒரே விகிதத்தில் சேர்வதால், ஒருவரின் பாரம் மற்றவருடையதைப்போல் எத்தனை மடங்கு என்பது இம்மியும் மாறுவதில்லை.

இதனினும் விசித்திரமான ஒன்று உண்டு. ஓய்வூதியர் செலுத்தும் 497 ரூபாய் கணவன் மனைவி இருவருக்குமான காப்பு. அவர் காலமானபின், கடைசிச் சம்பளத்தில் பாதியாக இருந்த வருவாய் பொதுவாக நூற்றுக்கு முப்பதாக இறங்கிவிட, குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மையாரிடம் பிடிக்கப்படும் அதே 497 ரூபாய் அவர் ஒருவரை மட்டுமே காக்கிறது. வருமானம் சுருங்கிய வேளையில் ஆளொன்றுக்கான கட்டணம் இரட்டிப்பாகும் இந்த ஏற்பாட்டைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம்பிக்கை: வசதியுள்ளவரிடம் அதிகம் வாங்குவது நமக்குப் பழக்கமில்லாத, அயல்நாட்டு வழக்கம்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் உயர்வருமானமுடையோர் 2007 முதல் கூடுதல் கட்டணம் செலுத்தி வருவது மெய்யே. ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? திருச்சிராப்பள்ளியில் மருத்துவ நிலையம் வைத்திருக்கும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வகுத்த விகிதப்படி, மாதச் சந்தா ஊதிய நிலைக்கேற்ப 250, 450, 650, 1,000 ரூபாய் என நான்கு படிகளாக இருக்கிறது. ரயில்வே நீங்கலான மத்திய அரசு ஓய்வூதியர்களில் அதில் சேர்ந்தவர்கள் இந்த விகிதப்படியே செலுத்துகிறார்கள். எனினும் இதை முழுமனதோடு மெச்சுவதற்கில்லை. பெரிய ஊதியக்காரருக்குத் தனி அறை, சிறிய ஊதியக்காரருக்குப் பொது வார்டு என்று படுக்கையிலும் அங்கே படிநிலை வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: பென்ஷன் பெரிதாக இருப்பவரே பணக்காரர்.

ஆலங்குடிப் பக்கத்தில் பலாத்தோப்பும் சிங்கப்பூரில் சம்பாதிக்கும் பிள்ளையும் உடைய ஒருவரது பென்ஷன் அற்பமாக இருக்கலாம்; பெரும் பென்ஷன் வாங்குபவர் மகளின் திருமணக் கடனை இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்கர்கள் பென்ஷனை மட்டும் பாராது மொத்த வருமானத்தையே அளக்கிறார்கள். அதற்கும் ஈராண்டுக்கு முந்திய வரிக்கணக்கையே பார்ப்பதால், என்றோ ஒரு நிலத்தை விற்ற முதியவர் அந்தப் பணம் செலவான பிறகு கூடுதல் கட்டணச் சீட்டைக் கண்டு திகைக்க நேர்கிறது. நம்மூரிலோ வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுபது வயதில் நடையாய் நடப்பதென்பது தனித் தண்டனை.

குற்றமற்ற அளவுகோல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமென்று நான் கருதவில்லை. ஒவ்வொருவரின் அடிப்படை ஓய்வூதியமும் கருவூலக் கணினியில் முன்னமே இருக்கிறது. அதைக்கொண்டு மூன்று நான்கு படிகளாகப் பிடித்தத்தைப் பிரிப்பதற்கு எவர் கையொப்பமும் வேண்டியதில்லை. அதுவும் உடனடியாக இயலாதெனின், முதற்கண் குடும்ப ஓய்வூதியர்களின் பிடித்தத்தைப் பாதியாக்கி, அதனால் விழும் துண்டை மேல்படியில் உள்ளோரிடம் சேர்த்து வாங்கலாம். சிகிச்சையின் வரம்பும் படுக்கையும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.