ஆடும் சக்கரம்

பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வெளியே, தேவனஹள்ளியில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் திறந்தார்கள். நகரத்திலிருந்து அங்கே போகும் சாலை அகலமானது. இரவு பகல் பாராமல் வாடகைக் கார்கள் ஓடும்.

அந்த ஓட்டுநருக்கும் அதுதான் பிழைப்பு. ஓசூர்ப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. கார் கடனில் வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை வந்து நிற்கும்.

2024ஆம் ஆண்டு. மழைக்காலம் தொடங்கும் நேரம். காரின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. பட்டன் மழுங்கிவிட்டது. மழையில் பிரேக் போட்டால் வண்டி வழுக்கியது. டயர் மாற்றியே ஆக வேண்டும்.

பெயர் பெற்ற கம்பெனி டயர் நான்குக்கு 16,000 ரூபாய் கேட்டார்கள். கையில் இருந்தது 8,500. சீட்டுப் பணம் வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

கடைக்காரர் ஒரு வழி சொன்னார்.

"முன்னாடி ரெண்டும் புதுசு போடுங்க. பேர் தெரியாத கம்பெனிதான். ஆனா புதுசு. ஜோடி 5,600. பின்னாடி செகண்ட் போடுங்க. பட்டனைப் பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு. ஜோடி 2,400."

மொத்தம் 8,000 ரூபாய். ஓட்டுநர் ஒத்துக்கொண்டார்.

"பேலன்சிங் பண்ணணுமா?" என்று கேட்டார்.

"அதுக்குத் தனியா காசு. டவுனுக்குள்ள ஓடுற வண்டிக்கு அது எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

மீதி இருந்தது 500 ரூபாய். பெட்ரோல் போட வேண்டும். பேலன்சிங் செய்யாமலே ஓட்டுநர் கிளம்பிவிட்டார்.

எண்பதில் வந்த ஆட்டம்

நகருக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியது. சாலை காலியாக இருந்தது. முள் 60ஐத் தொட்டது. ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. 80 வந்ததும் கை முழுக்க அதிர்ந்தது.

"டிரைவர், வண்டியில் ஏதாவது கோளாறா?" என்று பயணி கேட்டார்.

வேகத்தை 50க்குக் குறைத்தார். ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் பயணிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

50இல் இல்லாத ஆட்டம் 80இல் ஏன் வருகிறது?

ஒரு கயிற்றின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டுங்கள். மெதுவாகச் சுற்றுங்கள். கல் கையை லேசாக இழுக்கும். வேகமாகச் சுற்றுங்கள். அதே கல் கையை வெடுக்கென்று இழுக்கும். கல்லின் எடை கூடவில்லை. வேகம்தான் கூடியது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், இழுப்பு நான்கு மடங்கு ஆகும்.

சக்கரமும் அப்படித்தான். டயருக்குள் ரப்பர், துணி, எஃகுக் கம்பி என்று பல அடுக்குகள் உண்டு. அடுக்குகள் சேரும் இடத்தில் எடை கொஞ்சம் கூடும். காற்று அடிக்கும் வால்வுக்கும் எடை உண்டு. ரிம் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக இருக்காது. விலை கூடிய டயரிலும் இந்த வித்தியாசம் உண்டு. மலிவான டயரில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதனால் டயரை ரிம்மில் மாட்டியதும் ஒரு பக்கம் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் கயிற்றில் கட்டிய கல்.

ஒரு கணக்குப் பாருங்கள். இந்தக் காரின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். 80 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நொடிக்குள் சக்கரம் சுமார் 11 முறை சுற்றிவிடும். ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதல் என்று வையுங்கள். மூன்று, நான்கு நாணயத்தின் எடைதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 2 கிலோ கனத்தோடு இழுக்கும். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. நொடிக்கு 11 தடவை. 40 கிலோமீட்டர் வேகத்தில் இதே 20 கிராம் அரைக் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தைகூட உயரமாக ஆட்டிவிடும். வண்டியின் ஸ்பிரிங்குக்கும் சக்கரத்துக்கும் சொந்தமான ஓர் ஆட்டம் உண்டு. 80, 100 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரத்தின் இழுப்பு அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகும். அப்போது ஆட்டம் பெரிதாகும். சில வண்டிகளில் இன்னும் வேகம் போனால் ஆட்டம் குறைவதுபோல் தோன்றும். கோளாறு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. இழுப்பு கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தப் பேச்சே அதிகம் இல்லை. சாலைகள் குறுகலானவை. வண்டிகள் 50க்கு மேல் போவது அபூர்வம். மும்பை - புனே விரைவுச் சாலை 2002இல் முழுதும் திறந்தது. யமுனா விரைவுச் சாலை 2012இல் வந்தது. இப்போது மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார்கள். டயர் பழையதுபோலவே இருந்தாலும் அதன் மேல் விழும் பாரம் மாறிவிட்டது.

பாய் கடையில்

மறுநாள் ஓட்டுநர் வேறொரு டயர்க் கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபதுக்கு மேல்.

"பாய், அலைன்மென்ட் பண்ணணும். வண்டி ஆடுது."

"ஆடுதா, ஒரு பக்கம் இழுக்குதா?" என்று பாய் கேட்டார்.

"ஆடுதுதான்."

"அப்போ அலைன்மென்ட் இல்ல தம்பி. ஒரு பக்கம் இழுத்தா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா, அதுக்கு அலைன்மென்ட். ஆடினா முதல்ல பேலன்சிங் பாக்கணும். ரெண்டும் வேற வேற வேலை. பிரேக் போடும்போது மட்டும் ஆடினா, டயரையே தொட வேண்டாம். பிரேக் டிஸ்க்கைப் பாக்கணும்."

பாய் முன் சக்கரங்களைக் கழற்றினார். ரிம்மின் உட்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். பட்டனில் சிக்கியிருந்த கல்லையும் நெம்பி எடுத்தார். சேறும் கல்லும்கூடச் சக்கரத்தை ஆட வைக்கும். பிறகு ரிம்மைக் கையால் தடவிப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கி நெளிந்த ரிம்மாக இருந்தால் பேலன்சிங் செய்தும் பயன் இல்லை.

புது டயரின் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. "இதைப் பாருங்க. டயர்ல எடை குறைஞ்ச இடம் இது. இதை வால்வுக்கு நேரா வச்சு மாட்டணும். உங்களுக்கு மாட்டினவர் எங்கேயோ வச்சு மாட்டிட்டார்" என்றார் பாய். டயரை இறக்கித் திருப்பி மாட்டினார்.

சக்கரத்தை எந்திரத்தில் பூட்டினார். எந்திரம் சுற்றியது. இரண்டு எண்கள் தெரிந்தன. உள்பக்கம் 15. வெளிப்பக்கம் 20. எங்கே எடை வைக்க வேண்டும் என்பதையும் எந்திரம் விளக்கு எரிந்து காட்டியது. பாய் அந்தந்த இடத்தில் சின்னக் கட்டிகளைச் சுத்தியால் தட்டி மாட்டினார். மறுபடி சுற்றினார். இரண்டு பக்கமும் பூஜ்யம். பூஜ்யம் வராமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கட்டிகள் பல கடைகளில் ஈயத்தால் ஆனவை. ஈயம் உடலுக்கு விஷம். ஐரோப்பிய நாடுகள் 2005இல் கார்களுக்கு ஈயக்கட்டி போடுவதைத் தடை செய்தன. கீழே விழுந்த கட்டியைப் பிள்ளைகள் விளையாட எடுக்கக் கூடாது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முன் சக்கரம் இரண்டும் முடிந்தன. ஓட்டுநர் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். விமான நிலையச் சாலையில் 80இல் ஓட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங் அசையவில்லை. பேர் தெரியாத அந்த டயர்கள் பிறகும் தொந்தரவு தரவில்லை.

மனைவி சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மாமியாரை ஊருக்கு அழைத்துப் போனார். மனைவியும் மாமியாரும் பின்சீட்டில். ஓசூர்ச் சாலையில் வேகம் பிடித்தது.

"ஏங்க, வண்டி நடுங்குதுங்க" என்றார் மனைவி.

"ஸ்டீயரிங் கல்லு மாதிரி நிக்குது. பாரு."

"ஸ்டீயரிங்ல இல்லீங்க. எனக்குக் கீழே, சீட்டுல நடுங்குது. அம்மாவையும் கேளுங்க."

முன் சக்கரம் ஆடினால் ஸ்டீயரிங்கில் தெரியும். பின் சக்கரம் ஆடினால் சீட்டிலும் தரையிலும் தெரியும். ஓட்டுபவருக்குத் தெரியாதது பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர்கள் சொல்வதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் இருவரும் நேரே பாய் கடைக்குப் போனார்கள். பின்பக்கத்து வலது டயருக்கு 25 கிராம் போதுமானதாக இருந்தது. இடது டயரை எந்திரத்தில் ஏற்றினார். எண் 90 என்று வந்தது. பாய் கட்டியை எடுக்கவில்லை. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டார்.

"பட்டன் மேல கண்ணு வைங்க தம்பி."

டயர் சுற்றியது. ஓரிடத்தில் மட்டும் பட்டன் மேலே எழுந்து எழுந்து இறங்கியது. அந்த இடம் உள்ளங்கை அளவு புடைத்திருந்தது.

"உள்ளே எஃகுக் கம்பி அடுக்கு விட்டுப்போச்சு. எப்பவோ வெட்டுப்பட்டுத் தண்ணி இறங்கியிருக்கு. கம்பி துருப்பிடிச்சு ரப்பரை விட்டுடுச்சு. காத்துக் குறைவா ஓட்டினாலும் சூடேறி இப்படி ஆகும். இது பேலன்சிங்ல சரியாகாது."

"90 கிராம் போட்டு ஓட்டிக்கலாம் இல்ல பாய்? ஒரு மாசம்தான்."

"போடலாம். ஆட்டம் கொஞ்சம் குறையும். ஆபத்து குறையாது. மெயின் ரோட்டுல இந்தப் பட்டன் பிய்ஞ்சு போச்சுன்னா வண்டி உங்க கையில இருக்காது."

ஓட்டுநர் பேசாமல் நின்றார். மனைவி குனிந்து டயரின் பக்கத்தைத் துடைத்தார். அவர் மாலை நேர வகுப்பில் எண்ணும் எழுத்தும் படித்தவர்.

"இங்க ஒரு வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கு. 0816. இது என்ன விலையா?" என்று கேட்டார்.

பாய் சிரித்தார். "இல்லம்மா. அது டயர் பிறந்த தேதி. முதல் ரெண்டு எண் வாரம். பின் ரெண்டு எண் வருடம்."

மனைவி விரல் விட்டு எண்ணினார். "எட்டாவது வாரம். அப்படின்னா பிப்ரவரி. 2016. எட்டு வருஷம் ஆச்சுங்க!"

எட்டு வருடம் ஓடிய டயரில் பட்டன் எப்படிப் புதிதுபோல இருக்கும்? பாய் காட்டினார். டயரின் பள்ளங்களுக்கு நடுவே ஆங்காங்கே சின்ன மேடு இருக்க வேண்டும். அது கம்பெனி வைக்கும் அடையாளம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். காருக்கு அதற்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. இந்த டயரில் அந்த மேடே இல்லை. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். மேலே கறுப்புப் பூச்சு. கம்பிக்கு மேல் இருந்த ரப்பரையும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

1,200 ரூபாய் போனது. முதல் கடைக்காரர் திருப்பித் தர மறுத்துவிட்டார். பில் வாங்கவில்லை. அதனால் வாதாடவும் முடியவில்லை.

பாய் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி அங்கே இருந்தது. கார் வாங்கியபோது வந்தது. அதன் எண் 3120. அதிகம் ஓடாதது. முதலிலேயே அதைப் போட்டிருந்தால் ஒரு டயரின் காசு மிச்சமாகியிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. வாகனம் வைத்திருப்பவர்கள் பலரும் ஸ்டெப்னியை மறந்தே விடுகிறார்கள். காற்றுகூடப் பார்ப்பதில்லை.

ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினார்கள். "பின்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதுதான் நல்லது. இப்போதைக்கு இது போதும். ஆனா ஸ்டெப்னி இல்லாம வெளியூர் போகாதீங்க" என்றார் பாய்.

அந்த வாரமே திருப்பதிக்கு ஒரு சவாரி வந்தது. நல்ல வாடகை. ஓட்டுநர் வேறு வண்டியைக் கைகாட்டிவிட்டார். அந்த மாதத் தவணைக்கு மனைவி தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார். சீட்டுப் பணம் வந்ததும் புது டயர் வாங்கினார்கள். கடையில் மனைவிதான் முதலில் குனிந்து எண்ணைப் படித்தார். பில்லும் கேட்டு வாங்கினார்.

டயரைப் படியுங்கள்

டயரின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கும்: 165/80 ஆர் 14 85 டி.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. ஆர் என்றால் ரேடியல் டயர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது பாரத்துக்கான எண். 85 கிலோ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு உரிய பாரம் ஒரு டயருக்கு 515 கிலோ. டி என்ற எழுத்து வேகத்துக்கு உரியது. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும். அதற்காக அந்த வேகத்தில் போக வேண்டும் என்பதில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு எண்ணைத் தேடுங்கள். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறை காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால், பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பல டயர்க் கம்பெனிகள் இப்படித்தான் சொல்கின்றன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு கடையில் இரண்டு டயர்கள் இருக்கின்றன. ஒன்றில் 4522 என்று உள்ளது. மற்றதில் 2245 என்று உள்ளதாகக் கடைக்காரர் படித்துக் காட்டுகிறார். முதல் டயர் எந்த வருடம், ஏறக்குறைய எந்த மாதம் செய்தது? இரண்டாவது எண்ணைக் கடைக்காரர் சரியாகத்தான் படித்தாரா?