தேயும் கவசம்

நுழையும்முன்

கொள்ளைநோய் ஓர் ஊரை விட்டு எப்போது நீங்கும்? நோய்க்கு இரையாகக்கூடியவர் ஒருவரும் எஞ்சாதபோதா, அதற்கு முன்பே நீங்குமா? தடுப்பூசி தரும் காவல் வாழ்நாள் முழுதும் நிற்காவிடின் என்ன நேரும்? மருத்துவம் எழுப்பிய இவ்வினாக்களுக்குக் கணிதம் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

தீவுகள் தந்த சான்று

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட பரோயே தீவுகள் உள்ளன. 1781ஆம் ஆண்டு அங்குத் தட்டம்மை பரவி ஓய்ந்தது. அதன்பின் 65 ஆண்டுகள் அந்நோய் தீவுகளில் தலைகாட்டவில்லை. 1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கோபன்ஹேகன் நகரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய மரவேலைக்காரர் ஒருவரோடு அது மீண்டும் நுழைந்தது. தீவுகளில் வாழ்ந்த 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் சில திங்களுக்குள் நோய்வாய்ப்பட்டனர்.

டென்மார்க்கு அரசு அனுப்பிய பீட்டர் லுட்விக் பானும் என்னும் இளம் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று, யார் எந்நாளில் யாரைச் சந்தித்தார், எந்நாளில் உடலில் தடிப்பு எழுந்தது எனக் குறித்துக்கொண்டார். தொற்று நிகழ்ந்த நாளுக்கும் தடிப்பு தோன்றும் நாளுக்கும் இடையே பதின்மூன்று, பதினான்கு நாள்கள் கழிகின்றன என்பதை அக்குறிப்புகள் புலப்படுத்தின. அவர் கண்டவற்றுள் வியப்புக்குரியது வேறொன்று. 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியோர் 98 பேரைப் பற்றி அவர் அறிந்தார். அவர்களுள் ஒருவரைக்கூட நோய் இரண்டாம் முறை தீண்டவில்லை. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்நோயின் வாடையே இல்லாதபோதும், இளமையில் பெற்ற எதிர்ப்பாற்றல் அவர்கள் உடலில் குன்றாமல் இருந்தது.

எல்லா நோய்களுக்கும் இவ்வாறே நிகழுமாயின், தொற்றுநோய்க் கணிதம் மிக எளிதாக இருந்திருக்கும்.

மூன்று அறைகள்

ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக் ஒரு மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியின் பாஸ்டர் நிலையத்திற்குத் தலைமை தாங்கியவர். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் செகந்திராபாத்தில் நிறுவிய ரொனால்டு ராசுடன் பழகி, நோய்ப்பரவலைக் கணிதத்தால் அளக்கும் வேட்கையைப் பெற்றார். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய அவர், எடின்பரோ நகரில் ஓர் ஆய்வகப் பொறுப்பை ஏற்றார். அங்குப் பணியாற்றிய வில்லியம் ஓகில்வி கெர்மாக் என்னும் வேதியியலாளர், 1924இல் ஆய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருவிழிப் பார்வையையும் இழந்தவர். நீண்ட சமன்பாடுகளை மனத்திலேயே நிறுத்தி வேலை செய்த அவரும், மெக்கென்ட்ரிக்கும் இணைந்து 1927இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளமாயிற்று.

மக்கள் அனைவரையும் மூன்று அறைகளில் அடக்கிவிடலாம் என்பது அவர்கள் முறையின் எளிய வடிவம். நோய்க்கு ஆளாகக்கூடியோர் முதல் அறையிலும், நோயுற்றுப் பிறருக்குப் பரப்புவோர் இரண்டாம் அறையிலும், பரவலிலிருந்து நீங்கியோர் மூன்றாம் அறையிலும் இருப்பர். நலமடைந்தவரும் மாண்டவரும் ஒரே அறையில் வைக்கப்படுகின்றனர். வீட்டாருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல, ஆயினும் நோயின் பரவலுக்கு இருவருமே எட்டாதவர்கள். முதல் இரண்டு அறைகளில் உள்ளோரின் எண்ணிக்கைகளைப் பெருக்கிவரும் தொகைக்கு ஏற்பப் புதிய தொற்றுகள் தோன்றுகின்றன. ஆகவே முதல் அறை வெறுமையாக வெறுமையாக, நோயாளி சந்திப்போரில் பலர் ஏற்கெனவே நோய் கண்டவராகிவிடுகின்றனர். பரவலின் வேகம் தளர்கிறது.

இதிலிருந்து எதிர்பாராத முடிவொன்று கிடைத்தது. எரிபொருள் முற்றிலும் தீரும் முன்பே நெருப்பு அணைந்துவிடுகிறது. யாவரும் நோய்க்கு ஆளாகக்கூடிய ஓர் ஊரில், ஒரு நோயாளி சராசரியாக இருவருக்கு நோயைத் தருகிறார் என்று கொண்டால், நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேரைத் தொட்டபின் அலை ஓய்கிறது. இருபது பேர் தப்பிவிடுகின்றனர். அவர்களைக் காத்தது அவர்தம் உடல்வலிமையன்று, எண்ணிக்கையே.

இருவரும் தம் சமன்பாட்டை ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது, 1905 திசம்பர் முதல் 1906 சூலை வரை பம்பாயில் பிளேக்கு நோயால் நிகழ்ந்த இறப்புகளின் வாரக் கணக்கை. வரைந்த வளைகோடும் கிடைத்த புள்ளிகளும் நன்கு பொருந்தின. ஆனால் பிளேக்கு முதன்மையாக எலியின் நோய். தெள்ளுப்பூச்சிகளின் வழியே மனிதரை அடைவது. இதனை அவர்களே அக்கட்டுரையில் சுட்டியுள்ளனர். வளைகோடு பொருந்துவதாலேயே மாதிரி மெய்யாகிவிடாது என்பதற்கு அந்தப் புகழ்பெற்ற வரைபடமே சான்று.

வேலியின் உயரம்

யாவரும் நோய்க்கு ஆளாகக்கூடிய கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருவார் என்பதை அடிப்படைப் பெருக்க எண் என்பர். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை எனப் பெரிதும் கூறப்படுகிறது. தடுப்பூசி என்பது ஒருவரை இரண்டாம் அறைக்குள் நுழையவிடாமல், முதல் அறையிலிருந்து நேரே மூன்றாம் அறைக்கு அழைத்துச் செல்லும் குறுக்கு வழி. நோயாளி சந்திக்கும் 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருக்குமாயின், அவர் ஒருவருக்கு மட்டுமே நோயைத் தர இயலும். அதற்கு மேல் ஒருவர் காக்கப்பட்டாலும் நோய் தேயத் தொடங்கும். 15இல் 14 என்பது நூற்றுக்கு 93. தட்டம்மையை ஒழிக்க நூற்றுக்கு 95 பேருக்கேனும் தடுப்பூசி சேரவேண்டும் என்று நலத்துறையினர் வலியுறுத்துவது இக்கணக்கை ஒட்டியதே. ஊசி போட இயலாத பச்சிளங்குழந்தையையும் பிறர் எழுப்பிய இவ்வேலி காக்கிறது.

திறந்துகொள்ளும் கதவு

கக்குவான் இருமல் வேறு இயல்புடையது. தடுப்பூசியால் பெற்றதாயினும் நோயினால் பெற்றதாயினும் அதற்கெதிரான ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. கணித மாதிரியில் இதனைக் குறிக்க, மூன்றாம் அறையிலிருந்து முதல் அறைக்கு ஓர் அம்புக்குறி வரைந்தால் போதும். வரைவது எளிது; விளைவோ பெரிது.

ஓர் ஊரில் ஒவ்வொருவரும் 70 ஆண்டுகள் வாழ்கின்றனர், எல்லா வயதினரும் சம அளவில் உள்ளனர் என்று கொள்க. பிறந்த குழந்தை ஒன்று விடாமல் தடுப்பூசி போடப்படுகிறது. அதன் காவல் 10 ஆண்டுகள் நிற்கிறது. எந்நாளில் எண்ணினாலும் காவலுக்குள் இருப்போர் ஏழில் ஒரு பங்கினரே. மீதி ஆறு பங்கினர் ஊசி போட்டுக்கொண்டவர் என்னும் பதிவேட்டில் இருப்பர். நோய்க்கு எதிரே வெறுங்கையராய் நிற்பர். பதிவேடு நூற்றுக்கு நூறு என்று காட்டும்போது, உண்மையான காவல் நூற்றுக்குப் பதினான்காக இருக்கிறது. இத்தகைய நோயைக் குழந்தைப் பருவ ஊசி மட்டும் கொண்டு ஒழிக்க இயலாது. ஊக்கத் தவணைகள் இன்றியமையாதவை ஆவதும் இதனாலேயே. இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14ஆம் வாரங்களுக்குப் பின், ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதை ஒட்டியும் கக்குவானுக்கு எதிரான தவணைகள் வைக்கப்பட்டுள்ளன.

இன்னொரு விளைவு ஏமாற்றும் தன்மையுடையது. தடுப்பூசித் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் நோய் வெகுவாகக் குறைகிறது; வெற்றி கிட்டியதாகவே தோன்றும். அந்த அமைதிக்குள், ஆற்றல் தேய்ந்தவர்களும் ஊசி பெறாதவர்களும் முதல் அறையில் ஓசையின்றிச் சேர்கின்றனர். அவர்கள் தொகை எல்லையைக் கடந்ததும் அடுத்த அலை எழுகிறது. இத்தாழ்வுக் காலத்தை ஆய்வாளர்கள் தேனிலவுக் காலம் என்று அழைக்கின்றனர். அது முடியும் என்பதை மாதிரி முன்னரே காட்டுகிறது. காட்டியும் அதற்கேற்ப ஆயத்தமாகாத நாடுகள் உண்டு.

அமெரிக்காவில் 1990களில், பக்கவிளைவுகள் குறைந்த புதிய வகைக் கக்குவான் தடுப்பூசி பழையதன் இடத்தைப் பிடித்தது. அதன் காவல் விரைந்து தேய்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. 2010இல் கலிபோர்னியா மாநிலத்தில் 9,000க்கும் மேற்பட்டோர் கக்குவானுக்கு ஆளாயினர். பத்துப் பச்சிளங்குழந்தைகள் உயிரிழந்தன.

எண்ணிக்கையைப் படித்தல்

இத்தகைய வேளைகளில், ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்ததே என்ற குரல் எழுவது இயல்பு. அதனை ஏளனத்தால் அன்றிக் கணக்கால் எதிர்கொள்வதே முறை. 1,000 மாணவர் பயிலும் பள்ளியில் 960 பேர் ஊசி போட்டவர், 40 பேர் போடாதவர் என்க. ஊசி நூற்றுக்கு 95 பேரைக் காக்கிறது. ஊசி போட்டும் காவல் பெறாதோர் 48 பேர். நோய் பரவிக் காவலற்ற யாவரையும் தொட்டால் நோயாளிகள் 88 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டவர்கள். இவ்வெண்ணை மட்டும் காண்பவர் ஊசி பயனற்றது என்று முடிவு செய்வார். ஊசி போட்ட 960 பேரில் 48 பேரும், போடாத 40 பேரில் 40 பேரும் நோயுற்றனர் என்பதே அதே கணக்கின் மறுபக்கம்.

கக்குவானால் உயிரிழப்போருள் பெரும்பாலோர் முதல் தவணைக்குரிய வயதையே எட்டாத, அல்லது தவணைகளை முடிக்காத சிசுக்கள். அவர்களுக்கு நோயைக் கொணர்வோர், ஆற்றல் தேய்ந்ததை அறியாத பெற்றோரும் மூத்த உடன்பிறப்புகளுமே. மூவறைக் கணக்கு சுட்டிய இவ்விடைவெளியை அடைக்க, பிரிட்டனில் 2012 அக்டோபர் முதல் கருவுற்ற மகளிருக்குக் கக்குவான் தடுப்பூசி வழங்கப்படுகிறது. தாயின் குருதியில் பெருகும் எதிர்ப்புரதங்கள் தொப்புள்கொடி வழியே சேயைச் சென்றடைகின்றன. அக்காவலும் சில திங்களே நிற்கும். அதற்குள் குழந்தையின் முதல் தவணை வந்துவிடுகிறது.