டேலண்ட்டும் தாலந்தும்



"பாஸ்டர், எனக்கு ஒரு டேலண்ட்டும் கிடையாதுங்க" என்று நம்முடைய சபைகளில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்கிறோம். பாட்டு வராது, கீபோர்டு தெரியாது, மைக்கைக் கண்டால் கை நடுங்கும். ஆகவே கடைசி வரிசை. இவர்கள் சொல்லுகிற அந்த ஆங்கில வார்த்தை எங்கேயிருந்து வந்தது? மத்தேயு 25-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேலண்ட்டும், நம் வேதாகமத்திலுள்ள தாலந்தும் ஒரே வார்த்தைதான். இரண்டுக்கும் தாய் கிரேக்கத்திலுள்ள 'தாலந்தோன்'. முதல் அர்த்தம் தராசு. பிறகு தராசில் நிறுக்கிற எடை. பிறகு அந்த எடையுள்ள வெள்ளி, பொன். திறமை என்கிற அர்த்தம் அதற்குக் கிடையவே கிடையாது. லத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்குப் போனபோதும் எடைதான். சுமார் 1300-ல் பிரெஞ்சு வழியாக 'மனதின் நாட்டம்' என்கிற அர்த்தத்தில் மறுபடியும் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில்தான் திறமை என்று ஆனது. எப்படி? இந்த உவமையினாலேதான்! பணத்தைத் தேவன் தந்த திறமை என்று விளக்கி விளக்கி, கடைசியில் விளக்கமே அர்த்தமாகிவிட்டது. வேதத்தைத் தொடாதவனும் இன்றைக்கு டேலண்ட் என்கிறான். இயேசு சொன்ன உவமையைத்தான் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

சரி, ஒரு தாலந்து எவ்வளவு? பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு யாத்திராகமம் 38:25, 26 வாசியுங்கள். 6,03,550 பேர், தலைக்கு அரைச்சேக்கல். மொத்தம் 3,01,775 சேக்கல். அதையே வேதம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்கிறது. அப்படியானால் தாலந்துக்கு 3,000 சேக்கல். (அங்கே எபிரெய வார்த்தை 'கிக்கார்'. வட்டமானது என்று அர்த்தம்; வட்ட அப்பத்துக்கும் அதே பெயர்.) கிரேக்கத் தாலந்தோ 6,000 திராக்மா, ஏறக்குறைய 26 கிலோ. மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்துக் கூலிக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம். அந்தப் பணமும் திராக்மாவும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. ஆக 6,000 நாள் கூலி! ஓய்வுநாளைக் கழித்தால் ஏறத்தாழ 20 வருஷ உழைப்பு. 'ஒன்றே ஒன்று' வாங்கினவன் கையிலிருந்தது இவ்வளவு.

இப்போது 15-ஆம் வசனத்தை நிதானமாய்ப் பாருங்கள். எஜமான் அவனவன் திறமையைப் பார்த்துத் தாலந்தைக் கொடுக்கிறான். திறமை வேறே, தாலந்து வேறே! அங்கே திறமைக்குக் கிரேக்கத்தில் 'துனாமிஸ்'. நமக்குப் பழக்கமான வார்த்தையாச்சே! அப்போஸ்தலர் 1:8-ல் பெலன் என்று இருப்பதும் அதே துனாமிஸ்தான். திறமை அந்த ஊழியக்காரனிடத்தில் ஏற்கெனவே இருந்தது; தாலந்தோ எஜமானுடைய சொத்து, நம்பி ஒப்புவித்தது. பாடத் தெரியாதவர்கள் 'எனக்குத் தாலந்து இல்லை' என்றால், எஜமான் என்னை நம்பி ஒன்றுமே கொடுக்கவில்லை என்றல்லவா ஆகிறது? மூன்றாம் ஊழியக்காரன்கூட அப்படிச் சொல்லவில்லையே.

விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் 'தாலந்துப் போட்டி' வைக்கிறோம். பிள்ளைகள் நன்றாய்ப் பாடட்டும், சந்தோஷம். ஆனால் பரிசு வாங்காத பிள்ளை, தனக்குத் தாலந்து இல்லையென்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறதே! பாட்டுப்போட்டி என்றே பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த மூன்றாமவன் சோம்பேறி என்பது எஜமானே சொன்னது. ஆனால் பணத்தைத் தொலைத்தவன் அல்ல, திருடினவனும் அல்ல. பணத்தைப் பத்திரப்படுத்த மண்ணில் புதைப்பதே சரியான வழி என்று யூத ரபீமாரே சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய கோளாறு வேறே இடத்தில். எஜமானைக் கடினமானவன் என்று எண்ணிப் பயந்தான். பயம் வந்ததும் மண்வெட்டியை எடுத்துவிட்டான்.

லூக்கா 19-ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அங்கே தாலந்து இல்லை, ராத்தல். கிரேக்கத்தில் 'ம்னா', தாலந்தில் அறுபதில் ஒரு பங்கு. அரைக் கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் அங்கேயிருந்தவன் சீலையில் முடிந்து வைத்தான். இங்கேயிருந்தவனுக்குச் சீலை பற்றாது, குழியே தோண்டவேண்டியதாயிற்று.