கருந்துளையும் கதைத் தலைவியும்

 

கதைகளில் வரும் வீரர்கள் மலையைத் தூக்குகின்றனர், கடலைத் தாண்டுகின்றனர். இத்தகைய ஆற்றல்களை நம் முன்னோர் எட்டாக வகுத்து ‘அட்டமா சித்திகள்’ என்றனர். அவற்றுள் அணிமா என்பது அணுவைப்போல் சிறிதாகும் ஆற்றல். கரிமா என்பது மிகுந்த கனமுடையதாகும் ஆற்றல். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பொருள் இயற்கையிலேயே உண்டு. அதுவே கருந்துளை. அதன் இயல்புகளைக் கொண்டு நாம் ஒரு கதைத் தலைவியைப் படைத்துப் பார்ப்போம்.

கருந்துளை என்பது யாது?

மேல்நோக்கி எறிந்த கல் கீழே விழுகிறது. பூமியின் ஈர்ப்பே அதற்குக் காரணம். விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்தில் அதை எறிய முடியுமானால், காற்றின் தடை இல்லாவிடில், அது திரும்பி வராது. பூமி முழுவதையும் நெருக்கி ஒரு கோலிக்குண்டின் அளவாக, அதாவது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகச் சுருக்கினால், விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் விரையும் ஒளியும் அதனை விட்டு வெளியேற இயலாது. ஒளியும் தப்ப முடியாத இந்நிலையையே கருந்துளை என்கிறோம்.

தமிழர் கண்ட எல்லை

இதனை அறிவதற்கு வழிகோலியவர்களுள் ஒருவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1930ஆம் ஆண்டு, தம் 19ஆம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிட்டார். அவை சுருங்கி ‘வெண்குறுமீன்’ என்னும் நிலையை அடையும். ஆயினும், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது அந்நிலையில் தங்க இயலாது. மேலும் சுருங்கியே தீரும் என்று அவர் கணக்குக் காட்டிற்று. மிகப் பெரிய விண்மீன்களின் உட்பகுதி இவ்வாறு சுருங்கியே கருந்துளையாகிறது.

1935ஆம் ஆண்டு இலண்டனில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, புகழ்மிக்க அறிஞர் எடிங்டன் அதனை ஏளனம் செய்து மறுத்தார். இளைஞர் தம் கணக்கைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் உலகம் அதனை ஏற்றது. 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எண்கள் காட்டிய வழி விந்தையாயிருந்தும் அவ்வழியே சென்றதுதான் அவர் பெருமை. கதை புனையும் நாமும் அவ்வாறே செய்வோம்.

நிறைமதி

நம் கதைத் தலைவிக்கு ‘நிறைமதி’ என்று பெயரிடுவோம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்து மீட்டர் தொலைவிலுள்ள கொழுந்துக் கூடையைத் தொடாமலே தன்பால் ஈர்க்க வல்லவள். இதற்கு எவ்வளவு நிறை வேண்டும்? பூமி அக்கூடையை இழுக்கும் அதே விசையுடன் அவள் இழுக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 1,500 கோடி டன் நிறை வேண்டும். ஐந்து கன கிலோமீட்டருக்கும் மிகுந்த கருங்கல் மலையின் நிறை அது! அவ்வளவும் ஒரு கருந்துளையானால் அணுவினும் சிறிதாய் அவளுள் அடங்கிவிடும். அணிமாவும் கரிமாவும் இங்கே ஒன்றாகின்றன.

அத்துணை நிறையை அவள் உடல் தாங்கும், தாங்கியவாறே வானில் மிதக்கும் என்பது மட்டுமே நம் கற்பனை. மற்றவை யாவும் கணக்குப்படியே நடத்தல் வேண்டும்.

கருந்துளை எத்தொலைவில் உள்ளதையும் விழுங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சூரியன் இருக்குமிடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை இருந்தாலும், பூமி இப்போதுபோலவே அதனைச் சுற்றிவரும். தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். எனவே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிறைமதியால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், ஒரு மீட்டர் நெருங்கினாலோ பூமியின் ஈர்ப்பைப்போல் நூறு மடங்கு! அன்னையின் கையைப் பற்ற அவளால் இயலாது. எதிர்மலையின் மேல் மிதந்தபடி, அன்னை கொழுந்து பறிப்பதைப் பார்த்திருக்கத்தான் முடியும். அவளுடைய ஆற்றலே அவளுடைய துன்பமும் ஆயிற்று. கதை இங்கேதான் பிறக்கிறது.

அவளால் காலத்தை நிறுத்த இயலுமா? ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது உண்மையே. தாப்பாவில் உள்ள கடிகாரத்தைவிட நம் மலையில் உள்ள கடிகாரம் சற்றே விரைந்து ஓடும். ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஆண்டொன்றுக்கு, ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ மூன்று கூறே வேறுபாடு. நிறைமதியின் நிறையோ பூமியின் நிறைக்கு முன் தூசினும் தூசு. ஆகவே இவ்வாற்றலை நாம் அவளுக்கு வழங்க இயலாது. நம் பால்வீதியின் நடுவில் நாற்பது இலட்சம் சூரியன்களின் நிறையுடைய கருந்துளை உள்ளது. அதன் படம் 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் விளிம்பை அணுகினால் மட்டுமே காலம் பெரிதும் தாழும். அங்கே சென்று மீள்பவள் இளையவளாகவே இருப்பாள். தோட்டத்தில் அவளை அறிந்தவர் எவரும் இரார்.

மாணவர்களே! வேண்டியதையெல்லாம் செய்யும் வீரனுக்கு இடர் இல்லை. இடர் இல்லையேல் கதையும் இல்லை. எல்லையுள்ள ஆற்றலே படிப்பவர் நெஞ்சைத் தொடும். கணிதத்தையும் அறிவியலையும் கற்பனையின் பகையென எண்ணாது, துணையாகக் கொள்வீர்களாக!

பயிற்சி

1. நிறைமதியிடமிருந்து 50 மீட்டர் தொலைவில் உள்ள கூடையை அவள் ஈர்க்கும் விசை, பத்து மீட்டரில் இருந்ததில் எத்தனையில் ஒரு பங்கு?
2. ஒரே ஒரு கற்பனையை மட்டும் கொண்டு நீங்களும் ஒரு கதைமாந்தரைப் படையுங்கள். அவரால் செய்ய இயலாதவை இரண்டினைக் காரணத்துடன் எழுதுங்கள்.