காதுக்கு ஒரு மேடை

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சொந்தமாக ஒலி நாடகம் எழுதித் தயாரிக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: இலங்கை வானொலி நாடகங்களான சானாவின் ‘லண்டன் கந்தையா’வும், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாக’மும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழாலேயே நேயர்களைக் கட்டிப்போட்டன. உங்களுக்கும் பேச்சுதான் முதலீடு. முதல் நாடகத்துக்குப் பத்து நிமிடம், மூன்று குரல் போதும். ‘முறைத்தாள்’ என்று எழுதினால் காதுக்கு எட்டாது. அதற்குப் பதில், டம்ளரை ‘ணங்’கென்று வைக்கச் சொல்லுங்கள்.

சொந்தக் கதை அமையும்வரை, நாட்டுடைமையான புதுமைப்பித்தன் கதைகளை நாடகமாக்கிப் பழகலாம். ஓசூர் சாலை இரைச்சல் அடங்கிய பின்னிரவில், மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அலமாரியின் முன் பதிவுசெய்யுங்கள். ஒலித்தொகுப்புக்கு ‘ஆடாசிட்டி’ மென்பொருள் இலவசம்.

ஒலித்தொடர்களை வெளியிடும் பாக்கெட் எஃப்.எம். தளம் உங்கள் ஊரிலும் இயங்குகிறது. எந்தத் தளத்துக்கு எழுதினாலும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்றிருந்தால் தொகையைப் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள். குரல் கொடுக்கும் நண்பர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அதற்கும் முன்பு, வெளிவேலை பற்றி உங்கள் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேலையை இப்போதே விட வேண்டாம்.