காரை போடும் முன் சுவரைக் கேளுங்கள்

ஓட்டு வீடா, காரை வீடா என்று விசாரித்து வரன் பேசிய காலம் எங்கள் பக்கம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் 'இந்த வருசமாவது ஓட்டைப் பிரித்துக் காரை போட்டுவிட வேண்டும்' என்ற பேச்சு கிளம்பிவிடும். தாராளமாகப் போடலாம். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்காரரே செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைச் செய்து பார்த்தால், கூரையை மாற்ற வேண்டாம், உடைந்த ஓட்டை மாற்றினால் போதும் என்று தெரிந்தாலும் தெரியும்.

முதலில் அண்ணாந்து பாருங்கள்

உச்சி வெயிலில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மழை பெய்கிற அன்று சொட்டு விழும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு குறியும் ஒன்றாக இருந்தால் ஓடு உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் ஓரிடம், சொட்டு ஓரிடம் என்றால் தண்ணீர் ரீப்பரிலோ கைமரத்திலோ வழிந்து வருகிறது. அப்போது ஏணி போட்டு மரத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்துங்கள். நடுவில் குத்திப் பயனில்லை. சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் மக்கும். வயிரம் பாய்ந்த பனங்கைமரம் தலைமுறை தாண்டியும் நிற்கும், அதன் முனையில் கரையான் ஏறியிருந்தால் மட்டும் நம்பக் கூடாது. சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்கிற மரத்தை மாற்றியே ஆக வேண்டும். மரம் நன்றாக இருந்து ஓடு மட்டும் போயிருந்தால், பிரித்து மேய்ந்தால் போதும். செலவு காரையின் பக்கத்தில்கூட வராது.

சுவர் தாங்குமா?

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சீமை ஓட்டுக் கூரை ரீப்பரோடு சேர்த்துச் சதுர அடிக்குச் சுமார் 6 கிலோ. காரை என்று போடும் ஐந்து அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு 29 கிலோ. மேலே சுர்க்கியும் தட்டோடும் ஏறினால் 40ஐத் தாண்டும். 300 சதுர அடி வீட்டின் தலையில் இன்று இருப்பது ஏறக்குறைய 2 டன் என்றால், நாளை ஏறப்போவது 12 டன். மண் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு இது என்ன நியாயம்?

சுவருக்குக் கீழே இருப்பது வேறு கரிசல். ஐப்பசி மழையில் உப்பும். சித்திரையில் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தோடு சுவரும் ஏறி இறங்கும். ஓட்டுக் கூரை அந்த அசைவை வாங்கிக்கொள்ளும், கான்கிரீட் வாங்கிக்கொள்ளாது, விரிசல் விட்டுவிடும்.

ஆகவே விரிசல்களைப் படியுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல இறங்குவது, கீழே ஒல்லியாகவும் மேலே அகலமாகவும் இருப்பது, இவையெல்லாம் பெரும்பாலும் அடிமண் வேலை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கழியட்டும். கண்ணாடி உடைந்தாலோ விரிசல் கோட்டைத் தாண்டினாலோ அந்தச் சுவர் மேல் காரை போடக் கூடாது. தனியாகத் தூண் எழுப்பிப் பீம் போட்டுத்தான் செய்ய வேண்டும். அது கூரை வேலை இல்லை, புது வீட்டு வேலை. கணக்கையும் அப்படியே போடுங்கள். பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு, யாரும் யோசிப்பதில்லை. ஓட்டு வீட்டில் மழைத்தண்ணீர் இறவாரம் முழுக்கப் பரவலாகச் சொட்டும். காரை போட்டதும் அத்தனை தண்ணீரும் ஒரே குழாய் வழியாக ஒரே மூலையில் கொட்டும். கரிசலில் அந்த மூலை மட்டும் ஊறி உப்பி, அந்தப் பக்கச் சுவரைத் தூக்கும். எனவே குழாய்த் தண்ணீரைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியிலோ மழைநீர்க் குழியிலோ விடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிற மாவட்டம் நம்முடையது. 300 சதுர அடிக் கூரையில் மட்டும் ஆண்டுக்கு 22,000 லிட்டர் விழுகிறது. குடத்துக்கு விலை கொடுக்கிற ஊரில் அதைத் தெருவில் விடுவானேன்?

எந்த வெக்கை உங்களுக்கு ஆகாது?

மூன்று கூரையும் மூன்று விதமாகச் சுடும். தகர ஷீட் பகலில் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். காரை பகல் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை உள்ளே கக்கும். ஓடு இடுக்கு வழியாகச் சூட்டை வெளியே விடும். வீட்டில் யார், எந்த நேரம் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற வீடு என்றால் பகல்தான் முக்கியம். வெக்கையில் காற்று வறண்டால் பருத்தி இழை அறுந்துகொண்டே இருக்கும். ஜக்கார்டு பெட்டிக்கு உயரமும் வேண்டும். தறி வீட்டுக்கு என் ஓட்டு ஓட்டுக்குத்தான்.

காரைதான் என்று முடிவானால் மொட்டைமாடிக்கு வெள்ளை பூசக் காசு ஒதுக்கிவிடுங்கள். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற நாடு இது. கோடைக்கு முன் சுண்ணாம்பு இரண்டு கை அடித்தாலே சூடு இறங்குவது தெரியும். கையில் காசு இருந்தால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். சூரிய மின்தகடு வைக்கும் எண்ணம் இருந்தால், ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடத்தை இப்போதே விட்டுவையுங்கள். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் எடுக்கிற வெயில்தான் நம் தலையிலும் அடிக்கிறது.

சிமென்ட் ஷீட் என்று கடையில் கேட்டு வாங்கும்போது அது கல்நார் கலந்ததா என்று கேளுங்கள். கல்நார்த் தூசி புற்றுநோய் தரும் என்பது உலக அளவில் முடிவாகிப்போன விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே முழுத் தடை போட்டுவிட்டது. இங்கே இன்னும் விற்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய கல்நார் ஷீட் இருந்தால் சுத்தியலால் உடைத்து இறக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். முகத்துக்குத் துண்டு போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். உடைந்த துண்டில் கோழிக்கூடு கட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

காற்றுக்கு எதிர்த்திசை

தகர ஷீட் போடுகிறவர்கள் ஆடிக்காற்றை நினைத்துப் போட வேண்டும். காற்று மேற்கிலிருந்து வரும். ஷீட்டைக் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி அடுக்கினால், மேலே படியும் விளிம்பு கிழக்கே பார்க்கும். காற்று அடியில் புகுந்து தூக்காது. ஆனால் நமக்கு மழை வருவது வடகிழக்கிலிருந்து. அந்தச் சாரல் விளிம்புக்குள் ஏறாமலிருக்க ஒரு மடிப்புக்குப் பதில் இரண்டு மடிப்பு மேல்படிய விடுங்கள். ஷீட் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஓரத்து ஷீட்டுகளுக்கு ஜே போல்ட்டை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். பறப்பது எப்போதும் ஓர ஷீட்தான்.

தண்ணீர் இருந்தால்தான் காரை

காரை போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். 300 சதுர அடியில் இரண்டு அங்குலம் நிற்க 1,400 லிட்டர் ஆகும். நம் வெயிலுக்குத் தினமும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியத் தர விதி ஐஎஸ் 456 வறண்ட வெயில் நாட்டுக்குச் சாதாரண சிமென்ட் என்றால் 10 நாள், பிபிசி (PPC) சிமென்ட் என்றால் 14 நாள் நனைக்கச் சொல்கிறது. இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசிதான். எனவே லாரித் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட்.

உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. திருச்சுழிப் பக்கம் பல போர்களில் வாயில் வைக்க முடியாத தண்ணீர். அதைக் கான்கிரீட்டில் கலந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து, சில வருடத்தில் தளம் அடியில் பெயர்ந்து விழும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்தும் காசும்

குடிசையில் இருப்பவர்கள் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கேட்கலாம். 2024இல் தொடங்கிய இத்திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பணம் கட்டம் கட்டமாக வரும். வேலை உத்தரவு கையில் வராமல் இருக்கிற குடிசையைப் பிரிக்காதீர்கள்.

மேஸ்திரியிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். கம்பி எத்தனை எம்எம், எத்தனை மூட்டை, தண்ணீர் யார் செலவு, இடிபாடு யார் அள்ளுவது, பழைய மரமும் ஓடும் யாருக்கு, எல்லாவற்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசிக் கேள்விதான் சண்டையில் முடியும். பழைய கைமரத்துக்கு நல்ல விலை உண்டு.

ஓட்டை மட்டும் மாற்றுகிறவர்கள், பிரித்ததில் உடையாத ஐம்பதைப் பொறுக்கிக் கொல்லைச் சுவரோரம் செங்குத்தாக அடுக்கிவையுங்கள். ஒரு சேம்பர் (சூளை) ஓடு இன்னொரு சேம்பர் ஓட்டோடு பூட்டிக்கொள்ளாது. உங்கள் வீட்டு அச்சு இனிக் கடையில் கிடைக்காது.